ஜெபராணி அக்கா கேட்டுப் போன வேலை

காலைப் பேருந்து ஆற்றுப் பாலத்தில் நெரிசலில் நின்றிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. ஜெபராணி அக்காவின் தங்கை கிரேஸ்தான் அழைத்தாள். "கோமதியக்கா, ராணியக்கா போயிட்டா. விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." கீழே தாமிரபரணியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பாளையங்கோட்டைக்குத் திரும்பும் பேருந்துக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றேன். அக்காவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அவரை அறிந்த நீங்கள் பல ஊர்களில் இருக்கிறீர்கள். இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கணினி வேலை பார்க்கும் உங்களில் பலர், "என்ன படிக்கலாம்?" என்று முதன்முதலாகக் கேட்டது அவரிடம்தான். பாளையங்கோட்டையில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் அவர் ஆலோசகராக முன்னறையில் இருந்தார். நான் உள்ளே புரோகிராமிங் வகுப்பு எடுத்தேன். பல வருடங்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் படித்தது பி.ஏ. வரலாறு. வேலைக்குப் போனவர்கள் விடுமுறையில் ஊருக்கு வந்தால் விடமாட்டார். "இன்டர்வியூல என்ன கேட்டாங்க? நாங்க சொல்லிக்கொடுத்ததுல எது உதவிச்சு, எது வீணாப்போச்சு? ஒளிக்காம சொல்லு" என்று கேட்டு வாங்கிக்கொள்வார். அவருடைய கணினி அறிவு அப்படிச் சேர்ந்ததுதான்.

பி.காம். முடித்த ஒருவன் ஏதோ வீடியோக்களைப் பார்த்துவிட்டு, சைபர் செக்யூரிட்டிதான் படிப்பேன் என்று வந்து நின்றது நினைவிருக்கிறது. அக்கா சிரிக்காமல் கேட்டார்: "வீட்டுக்கு எத்தனை வாசல் இருக்குன்னே தெரியாம எங்கன கொண்டு பூட்டைப் போடுவ? முதல்ல நெட்வொர்க் படிலே. அது பிடிச்சிருந்தா அடுத்ததைப் பாப்போம்." அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் நெட்வொர்க் வகுப்பில் சேர்ந்தான். அந்த வேலையிலேயே நிலைத்தும் விட்டான்.

இந்த வெளிப்படையான பேச்சுதான் பிறகு அவருக்கு வினையானது. சாத்தான்குளத்திலிருந்து ஒரு தையல்காரர், பி.எஸ்சி. கணிதம் முடித்த மகள் முத்துலட்சுமியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மையம் அப்போது ஒரு பெரிய படிப்பைத் தொடங்கியிருந்தது. ஆறு சான்றிதழ்கள், முடித்தால் வேலை நிச்சயம் என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள்.

"பெரிய கோர்ஸ்லயே சேத்துருங்கம்மா. கடனோ உடனோ வாங்கிருதேன். வேலை நிச்சயம்னு போட்டிருக்குல்லா" என்றார் தையல்காரர்.

"அண்ணாச்சி, வேலை குடுக்கது கம்பெனிக்காரன். அவன் குடுப்பான்னு நாங்க எப்படி நிச்சயம் சொல்ல முடியும்?" என்றார் அக்கா. பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "ஏட்டி, ஆறையும் அவசரமா ஓட்டுனா ஒண்ணும் மனசுல நிக்காது. உனக்குக் கணக்கு வருது. டேட்டாபேஸை ஒழுங்காப் படி. கூட டெஸ்டிங் படி. அடுத்தவன் செஞ்ச சாஃப்ட்வேர்ல எங்கன தப்பு இருக்குன்னு தேடுத வேலை அது. சொந்தமா ஒண்ணு செஞ்சு, அதை எடுத்துக் காட்டிப் பேசு. மத்த சான்றிதழை வேலையில சேந்த பொறவு வாங்கிக்கிடலாம்."

மையத்தின் நிர்வாகி பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முத்துலட்சுமி சிறிய படிப்பில் சேர்ந்தாள். அந்த மாதக் கடைசியில், இனி வர வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். என்ன காரணம் சொன்னார்கள் என்று கேட்டேன். "எனக்கு விசுவாசம் இல்லையாம்" என்றார், டிபன் பாக்ஸைப் பையில் வைத்தபடி. எங்களில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

சில வாரங்கள் வீட்டில் இருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். "கோமு, நான் டெஸ்டிங் படிக்கப் போறேன். படிச்ச டிகிரியை மாத்த முடியாது, இனிமே படிக்கப் போறதை நாமதான் முடிவு பண்ணணும்னு எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! எனக்கும் அதானே?" என்றார். ஞாயிறுதோறும் அவரும் முத்துலட்சுமியும் என் வீட்டில் உட்கார்ந்து ஒன்றாகப் படித்தார்கள். பேருந்து டிக்கெட் பதிவு செய்யும் ஒரு பயிற்சி மென்பொருளை அக்கா சோதித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "ஏட்டி, இங்க வந்து பாரு! வயசுக் கட்டத்துல மைனஸ் ரெண்டுன்னு போட்டேன், வாங்கிக்கிட்டுது. பொறக்காத பிள்ளைக்கும் சீட்டு குடுக்கான்!" என்று சத்தமாகச் சிரித்தார். டெஸ்டிங்கின் அடிப்படைத் தேர்வில் முதல் முறை தவறி, மறுமுறை எழுதித் தேறினார்.

ஒரு சிறிய நிறுவனம் அழைத்தபோது இருவரும் சேர்ந்து நேர்முகத்துக்குப் போனார்கள். நானும் துணைக்குப் போனேன். முத்துலட்சுமிக்கு அன்றைக்கே வேலை உறுதியானது. அக்கா வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கொரு மகன் இருந்தா அவன் வயசுதான் இருக்கும், கேள்வி கேட்ட பையனுக்கு. மரியாதையாத்தான் பேசினான். பி.ஏ.வான்னு கேட்டான். 'ஏன் மேடம் இப்ப?'ன்னான். அதுக்கு எனக்குப் பதில் வரல கோமு" என்றார்.

முத்துலட்சுமி அழத் தொடங்கியதும் அவரே எழுந்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். "எதுக்கு அழுத? ரெண்டு பேரு வந்தோம், ஒருத்திக்குக் கெடைச்சிருக்குல்லா" என்று சொல்லி, பழச்சாறு வாங்கிக் கொடுக்க எங்களைக் கடைக்கு அழைத்துப் போனார்.

பிறகு ஓர் இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் பதிவு செய்யும் வேலை பார்த்தார். கணினி நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. பெரும்பாலும் பதிலே வராது. கடைசியாக நாங்கள் சந்தித்தபோது மெதுவாகக் கேட்டார்: "நான் எல்லாருக்கும் சொன்னது சரிதானா கோமு? இருபது வயசுக்காரங்களுக்கு மட்டுந்தான் அது சரியோ?" நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அது அவரைத் தேற்றியதாகத் தெரியவில்லை.

அடக்கத்துக்குப் பழைய மாணவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். வர முடியாதவர்கள் யாரோ தூக்கிப் பிடித்திருந்த கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிர்வாகியும் மாலையோடு வந்து ஓரமாக நின்றார். கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் கலைந்த பிறகு முத்துலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் ஓர் இடம் காலியாகி, அவள் ஜெபராணி அக்காவின் பெயரைக் கொடுத்திருந்தாளாம்.

"இப்பல்லாம் பொறியியல் படிச்சவங்களைத்தான் எடுப்போம்னு சொல்லிட்டாங்கக்கா. ராணியக்கா அடிக்கடி போன் பண்ணி, 'ஏட்டி, எதுவும் தெரிஞ்சுதா?'ன்னு கேப்பாங்க. 'இன்னும் தெரியலக்கா'ன்னே சொல்லிட்டு இருந்தேன். பதில் வந்து ரொம்ப நாளாச்சு. சொல்ல வாய் வரல."

பக்கத்தில் நின்ற கிரேஸுக்கும் அது அப்போதுதான் தெரிந்தது. "அந்த வேலை கெடைச்சா எந்த பஸ்சுல போகணும்னு கூடக் கேட்டு வச்சிருந்தா" என்றாள். முத்துலட்சுமி செய்தது சரியா தவறா என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

நான் இன்னும் அதே மையத்தில்தான் இருக்கிறேன். ஆலோசகர் மேசையும் இப்போது என் பொறுப்பு. அக்கா யாரிடமும் மேசைக்கு எதிரே இருந்து பேசியதில்லை. வந்தவர் உட்கார்ந்ததும் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, அவருக்கு அருகில் உட்காருவார். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பழக்கம்தான்.

போன வாரம் உடன்குடியிலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பதைத் தாண்டியிருக்கும். "இந்த வயசுல படிச்சா வேலை கெடைக்குமாக்கா?" என்று கேட்டார். நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஜெபராணி அக்காவுக்கு நடந்ததை எதையும் மறைக்காமல் சொன்னேன். அந்தப் பெண் தன் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். பிறகு, "அவங்க படிச்ச படிப்பு என்னன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.