எட்டு பேர் ஏறும் படகு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பேர் ‘ஓவர்லோடு’. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை; முதுகுக்குப் பின்னால் கூப்பிடாதவர்களும் இல்லை. எந்தக் கட்டிடத்தில் லிஃப்டுக்குள் நுழைந்தாலும், உள்ளே நிற்பவர்களைக் கண்ணாலேயே எடை போட்டு, “ஒருத்தர் இறங்கிக்கோங்க, அடுத்த ட்ரிப்ல வரலாம்” என்பார். எல்லோரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்ப்பார்கள். யாருக்கும் கால் நகராது. கடைசியில் அவரே இறங்கிப் படியேறிப் போவார்.

வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை. மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போன மனைவி, “குழந்தைக்குத் தலை நிக்கட்டும், வந்துடறேன்” என்றார். தலை நின்றது. “நடக்கட்டும்” என்றார். நடந்தது, ஓடியது. இப்போது அந்தக் குழந்தை இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறது. மகனுக்கு வேறு ஊரில் வேலை. மருமகளுக்கு அதைவிடப் பெரிய வேலை. இங்கே மூன்று அறையும் ஒரு சோபாவும் மிச்சம். சோபாவில் ஒரே ஒரு மூலை மட்டும் அமுங்கியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரோர ஏரிக்குப் போய்க் கரையில் தூண்டிலோடு உட்காருவார். நடு ஏரியில் படகுக் குடும்பங்கள் சிரிக்கிற சத்தம் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வந்து காதில் விழும். சும்மா வாங்க என்றால் வராத பிள்ளைகள், படகு இருக்கிறது வாங்க என்றால் வராமலா போவார்கள்? வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான். அவருக்கு இப்போது வேண்டியிருந்தது எல்லாரும் ஏறுகிற மாதிரி ஒரு படகு.

படகுக் கடைக்காரரை எல்லாரும் ‘கேப்டன்’ என்பார்கள். வெள்ளைத் தொப்பி, கன்னத்தில் எப்போதும் ஒரு பெப்பர்மின்ட். என்ஜின் புகை பட்டால் கேப்டனுக்குத் தலை சுற்றும், அதற்குத்தான் பெப்பர்மின்ட்.

“பேமிலிக்கா சார், மீனுக்கா?”

“ரெண்டுக்கும்.”

“எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. மீனுக்குன்னா ஆடாம அசையாம இருக்கணும். பேமிலின்னா அது நடக்குமா?”

கடையின் படகுத்துறையில் இரண்டு படகுகள் கட்டிக் கிடந்தன. ஒன்று பெரியது, வெள்ளை. முன்பக்கம் சுற்றிலும் மெத்தை, தலைக்கு மேலே மடக்குக் கூரை, குளித்துவிட்டு ஏற ஏணி. பிடித்த மீனை உயிரோடு விட ஒரு தொட்டிகூட இருந்தது. இன்னொன்று பச்சை, தட்டையானது, சின்ன மோட்டார், இரண்டே இருக்கை. ஓவர்லோடு பச்சையின் பக்கம் திரும்பக்கூட இல்லை. வெள்ளைப் படகின் பக்கவாட்டில் ‘எட்டு பேர்’ என்று தகடு அடித்திருந்தது. அவர் லிஃப்டில் வாழ்நாள் முழுக்கப் பார்த்த அதே மாதிரித் தகடு. விரலால் தடவிப் பார்த்தார்.

“எங்க வீட்ல ஏழு பேர்.”

“எட்டாவது?”

“மீனு.”

கேப்டன் சிரித்தார். ஆனால் சாவியைக் கொடுக்கவில்லை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. குடும்பப் படகை, குடும்பத்தை ஏற்றி ஒருமுறை ஓட்டிக் காட்டாமல் விற்கமாட்டார். “ஆசையா வாங்கிட்டுப் போறாங்க சார். நாலாவது வாரம் பொண்டாட்டிக்குத் தல சுத்துது, பசங்களுக்கு போர் அடிக்குதுன்னு திருப்பிக் கொண்டுவராங்க. ஞாயித்துக்கிழம எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. அதுக்கு முன்னாடி ஆளாளுக்கு எடை என்னன்னு கேட்டுச் சொல்லுங்க. யார எங்க உக்கார வைக்கறதுன்னு பாக்கணும்.”

அன்று சாயங்காலமே போனை எடுத்தார். முதலில் மகன்.

“டேய், உன் வெயிட் என்னடா?”

“எதுக்குப்பா? உடம்புக்கு எதுவும் இல்லையே? கிட்னி கிட்னி ஏதாவது...”

“படகுடா.”

“என்ன வடை?”

புரிய வைத்து, மருமகள் எடையையும் கேட்டார். மகன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அத நான் சொன்னா இந்த வீட்ல எனக்குச் சோறு கிடையாதுப்பா. நீங்களே ஒரு எழுபது போட்டுக்கோங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

அடுத்தது மகள் வீடு. எடுத்தது மனைவி.

“நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்த கிடையாது, வெயிட்டக் கேக்கறாரு பாரு மனுஷன். என்னைப் பாத்து எத்தன மாசமாச்சு, சொல்லுங்க பாப்போம்.”

“அதான் கேக்கறேன். முன்னாடி மாதிரியே இருக்கியா?”

“இளைச்சுட்டேன்” என்றார். அதற்குள் பேத்தி போனைப் பிடுங்கினாள்.

“தாத்தா, நான் இருபத்தி நாலு கிலோ. ஸ்கூல்ல மிஷின்ல நிக்க வச்சுப் பாத்தாங்க.”

லிஃப்டுக்கு எடை ஏற்றிச் சோதிக்கும் இரும்புக் கட்டி ஒன்று இருபது கிலோ. பேத்தியைக் கடைசியாகத் தூக்கியபோது அதில் பாதிகூட இல்லை என்று அவர் கைக்கு நினைவிருந்தது. இப்போது ஒரு கட்டியைத் தாண்டிவிட்டாள். தாண்டியதை அவர் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருவதாக எல்லாரும் சொன்னார்கள். ஐஸ் பெட்டி வாங்கினார். சின்ன சைஸில் ஒரு மிதவைச் சட்டையும் வாங்கினார், ஆரஞ்சு நிறத்தில்.

ஞாயிறு விடிந்ததும் போன் வர ஆரம்பித்தது. மகனை ஆபீஸில் கூப்பிட்டுவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லை. அவர் இல்லாமல் மகள் கிளம்பமாட்டாள். மகள் இல்லாமல் பேத்தி வரமாட்டாள். பேத்தியை விட்டுவிட்டு மனைவி வரமாட்டார். ஒருவர் கழன்றதும் சங்கிலி முழுவதும் கழன்றது. “அடுத்த வாரம் பாக்கலாம்பா” என்றாள் மகள். “பாக்கலாம்மா, பரவால்ல” என்றார்.

கம்பெனி வேன் வாசலில்தான் நின்றது. மறுநாள் ஒரு லிஃப்டைச் சோதிக்க வேண்டியிருந்ததால் இரும்புக் கட்டிகள் எல்லாம் அதில் இருந்தன. அப்படியே ஏரிக்கு ஓட்டினார்.

“பேமிலி எங்க சார்?”

“வேன்ல இருக்காங்க.”

கேப்டன் எட்டிப் பார்த்தார். பெப்பர்மின்ட் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாறியது. கட்டிகளை இறக்கக் கை கொடுத்தார். இருக்கைகளின் அடியில் சாக்கை விரித்து ஒவ்வொருவராக உட்கார வைத்தார்கள். ஓவர்லோடின் பக்கத்தில் மனைவி, இளைத்ததற்காக ஒரு கட்டி குறைத்து. முன்னால் மகளும் மாப்பிள்ளையும். பின்னால் மகன், அவனை ஒட்டி, யாரிடமும் சொல்லக்கூடாத எடையில் மருமகள். நடுவில் பேத்தி: ஒரு கட்டி, அதன்மேல் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். ஆரஞ்சுச் சட்டையை அதற்கு மாட்டிவிட்டார்.

படகு அருமையாகப் போனது. அலையை வெண்ணெய் மாதிரி வெட்டிக்கொண்டு, குலுங்காமல் போனது.

“இவ்ளோ நல்ல பேமிலிய நான் பாத்ததே இல்ல சார்” என்றார் கேப்டன். “யாரும் வாந்தி எடுக்கல. யாரும் எழுந்து நின்னு போட்டோ புடிக்கல.”

ஓவர்லோடும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பி, “காத்து ஜாஸ்தியா இருக்கா?” என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் தெரிந்தது. கேப்டன் தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினார். அதில் தூசி இல்லை.

கரைக்கு வந்ததும், “எல்லாத்தையும் இறக்கிடலாம். காலியா ஒருவாட்டி ஓட்டணும்” என்றார் ஓவர்லோடு.

“எதுக்கு சார்? அதான் ஓடிச்சே.”

“லிஃப்ட்ல அப்படித்தாங்க. ஆள் நெறஞ்சிருந்தா ஒழுங்காப் போகும். காலியா இருக்கும்போதுதான் எதிர்ப்பக்கத்து எடை புடிச்சு இழுக்கும். பிரேக் நிக்குதான்னு அப்பத்தான் பாக்கணும்.”

கேப்டன் துறையிலேயே நின்றுகொண்டார். ஓவர்லோடு தனியாகப் போனார். வேகம் எடுத்ததும் படகின் மூக்கு தூக்கிக்கொண்டது. முன்னால் வானம்தான் தெரிந்தது, தண்ணீர் தெரியவில்லை. ஒவ்வொரு அலைக்கும் அடிப்பாகம் பட் பட்டென்று அறைந்தது. முன்பக்கம் காலி மெத்தைகள் குதித்தன. திரும்பித் துறையில் சேர்க்கும்போது காற்று படகை ஒதுக்கித் தள்ளியது. கயிறு ஒரு முனையில், ஸ்டீயரிங் மறுமுனையில், ஆள் ஒருவர். மூன்று தடவை விலகிப்போய்த் திரும்பி வந்தார். நாலாவது தடவை கேப்டன் மண்டி போட்டுக் கையை நீட்டி இழுத்துப் பிடித்தார்.

ஓவர்லோடு இறங்கவில்லை. எட்டு பேர் தகட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தப் பக்கம் கை காட்டினார்.

“அந்தப் பச்சைய எடுங்க.”

இரவு சாப்பாட்டு நேரத்தில் மனைவியிடம் போனில் சொன்னார்.

“வாங்கிட்டீங்களா? எத்தன சீட்டு?”

“ரெண்டு.”

பின்னால் பேத்தி வாய்ப்பாடு சொல்வது கேட்டது.

“அப்ப நாங்க?”

“ஒவ்வொருத்தரா வாங்க.”

“கோவமா?”

“இல்ல. ஒருத்தர்னா வரலாம்ல, அதுக்குத்தான்.”

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பச்சைப் படகு ஏரியில் நிற்கிறது. மோட்டாரோடு பின்னால் ஒருவரே உட்கார்ந்தால் இந்தப் படகுக்கும் மூக்கு தூக்கும். அதனால் முன்னிருக்கையில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றும், ஒரு லிட்டர் பாட்டில் நாலும் ஆரஞ்சுச் சட்டைக்குள் கட்டப்பட்டிருக்கும். மீன் சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. மாதத்துக்கு ஒருமுறை போனில் கேட்பார்.

“பாப்பா, இப்ப எவ்வளவு?”

போன வாரம் பதில் வந்தது: “இருபத்தஞ்சு, தாத்தா. நான் எப்ப வரட்டும்?”

“அம்மாகிட்ட கேட்டுச் சொல்லு” என்றார். போனை வைத்துவிட்டு, சமையலறையில் காலி பாட்டில் ஒன்றை எடுத்து, கழுவி, தண்ணீர் பிடித்து மூடியை இறுக்கினார்.