கழுநீரும் குட்டி ரோசாவும்

தாதி கமலாசனி வவுனியா விடுதியின் மேல்மாடி அறை யன்னலில், பால்மாத் தகரங்களில் குட்டி ரோசா வளர்த்தார். கிணறு வற்றிய அந்தக் கோடையில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வாளித் தண்ணீர்தான். அரிசி கழுவிய தண்ணீரை எல்லாரும் கீழ்வீட்டுச் சிவனேஸ்வரியின் பசுவுக்குக் கொடுப்பது வழக்கம். அந்தப் பாலைத்தான் விடுதிப் பிள்ளைகள் குடித்தார்கள்.

சிவனேஸ்வரி படியேறி வந்தார்.

“உம்மட கழுநீர் ஒரு கிழமையாய் வரேல்லை. மாடு காயுது, உமக்குப் பூ கேக்குதோ? இனியும் வராட்டில் தகரத்தைக் கீழ எறிவன்!”

கமலாசனி செடிக்கென்று எடுத்துவைத்திருந்த கழுநீர்ச் சட்டியைக் கொடுத்தார். மாலைக்குள் செடியின் ஒரேயொரு மொட்டு வாடத் தொடங்கியிருந்தது.

மறுநாள் முதல் அவர், செடிக்கு ஆகாதென்று சவர்க்காரம் போடாமல், அகலமான பேசினுக்குள் நின்று குளித்து, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார்.

“சவுக்காரம் முடிஞ்சுதோ பிள்ளை? வேர்வை மணக்குது. ஒரு கட்டி தாறன்,” என்றார் சில நாள் கழித்துப் படியேறி வந்த சிவனேஸ்வரி.

“வேண்டாம் அக்கா,” என்று கமலாசனி யன்னலை மறைத்து நின்றார். முதுகுக்குப் பின்னால் மொட்டு நிமிர்ந்திருந்தது.