யாருக்கும் சொல்லாத நோட்டீஸ்

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை தாண்டி, கம்பத்துக்குக் கம்பம் ஒரே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒருவருடைய படம். கீழே கொட்டை எழுத்தில், ‘அப்பா, நீங்கள் வீட்டைவிட்டுப் போனது யாருக்கும் தெரியாது. நாங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. தைரியமாக வரவும்.’ அடியில் ஒரு போன் நம்பர்.

ஊரெல்லாம் ஒட்டிவிட்டு ஒருவரிடமும் சொல்லவில்லையாம். நானும் மனைவியும் சிரித்துச் சிரித்துப் போட்டோ எடுத்தோம்.

கம்பத்தடியில் உட்கார்ந்திருந்த தாடிக்காரச் சாமியார், “என்னனு சொல்லிட்டு சிரிங்க. எனக்குக் கண்ணு சரியா தெரியல” என்றார்.

படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

“யாருகிட்டயும் சொல்லலையாமா?”

“அப்படித்தான் போட்டிருக்குங்க.”

கையை எட்டி நோட்டீஸைத் தடவினார். “கீழ யாரு பேரு போட்டிருக்கு? பெரியவனா, சின்னவளா?”

“பேரு இல்லைங்க” என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அவர் எழுந்து கூட்டத்தோடு போய்விட்டார்.

அடுத்த பௌர்ணமிக்கும் நோட்டீஸ்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் முகத்தை மட்டும் யாரோ கிழித்திருந்தார்கள்.

அந்த முகம் இப்போது என் போனில் இருக்கிறது, சிரிப்பதற்காக எடுத்த போட்டோவில், நம்பரோடு. தினமும் எடுத்துப் பார்க்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை.