இரண்டு விரற்கடைக்கு ஒரு முடிச்சு

"திருமதி பியற்றிஸ்: இறக்கைத் துணி வேலைக்கு முழுப் பொறுப்பாளர், அனுபவமிக்க விமானத் தொழில்நுட்பவியலாளர்" என்கிறது விபத்து அறிக்கை. விபத்துக்கு முதல்நாள்வரை விமானக் கழகத்தின் பட்டியலில் அவர் "தேநீர் உதவி". இவ்வளவு விரைவான பதவி உயர்வு லண்டனில் வேறெந்தத் தமிழருக்கும் கிடைத்ததாக நான் அறியேன்.

அவர் லண்டனின் கோலியர்ஸ் வுட் பகுதியில் சாரிச் சட்டை தைப்பவர். ஜெர்மனியில் இருபது ஆண்டு இருந்துவிட்டு வந்ததால், அவருடைய ஆங்கிலம் தேநீர் கொடுக்கத்தான் போதும். முதல் உலகப் போர்க்காலத்து இரட்டை இறக்கைச் சண்டை விமானமொன்றை அச்சசலாகக் கட்டிக்கொண்டிருந்த அந்தக் கழகத்துக்கு அவரைக் கூட்டிவந்தவர், ஓய்வுபெற்ற பொறியியலாளர் நித்தியானந்தன். அவ்விமானங்களின் இறக்கை என்பது மரச்சட்டத்தில் போர்த்திய லினன் துணிதான். பறக்கையில் காற்று துணியை மேலே உறிஞ்சி இழுக்கும், பிடித்துவைப்பது நூல். கீழ் இறக்கையை பியற்றிஸ் இரண்டு விரற்கடைக்கு ஒரு முடிச்சாக நான்கு மாதம் தைத்தார்.

கண்காட்சி நாள் நெருங்கியது.

"உப்பிடித் தைச்சால் அடுத்த சண்டைக்குத்தான் பறக்கும், தங்கச்சி. மேலதை நான் பாக்கிறன்," என்றார் நித்தியானந்தன்.

"அண்ணை, மேலதுக்குத்தானே இன்னும் நெருக்கமாய் வேணும்?"

"சட்டைக்கு நீர் சொல்லும், கேக்கிறன். பிளேனுக்கு நான் சொல்லுறன்."

மேல் இறக்கையை அவர் ஒரே வாரத்தில் முடித்தார், நான்கு விரற்கடைக்கு ஒன்றாக. பிறகு வேலைப் பதிவேட்டை நீட்டி, கீழ் இறக்கைக்கும் மேல் இறக்கைக்கும் தைத்தவர் ஒப்பமிடவென பென்சிலால் × புள்ளடி போட்ட இரண்டு இடங்களை பியற்றிஸுக்குக் காட்டினார். அகதி விண்ணப்பம் முதல் கவுன்சில் கடிதம்வரை, புள்ளடி கண்ட இடத்தில் கையெழுத்திட்டே இரண்டு நாடுகளில் குடியேறியவர் அவர். இங்கும் இட்டார்.

முதற் பறப்பில், விமானம் தாழப் பாய்ந்தபோது மேல் இறக்கையின் துணி உரிந்தது. விமானி பிழைத்தார், முழங்காலுக்குக் கீழே எதுவுமில்லாமல்.

விசாரணையில் பியற்றிஸுக்கு மொழிபெயர்த்தவரும் நித்தியானந்தனே. தமிழ் தெரிந்த கனவான் ஒருவர் கையோடு கிடைத்ததில் அதிகாரிகளுக்குப் பெரும் ஆறுதல்.

"மேலது நீங்கள் தைச்சதெண்டு சொன்னீங்களோ, அண்ணை?"

"ஓம் ஓம், எல்லாம் சொல்லிப்போட்டன். நீர் தலையை ஆட்டும்."

ஆட்டினார். அதிகாரி குறித்துக்கொண்டார்.

அறிக்கை வந்தபின் சட்டைக்கு அளவு கொடுக்கவும் எவரும் வரவில்லை. "வெள்ளைக்காரன்ரை காலை எடுத்தவவிட்டையோ குடுக்கப்போறாய்?" என்று தமிழ்க் கடையில் ஒருத்தி மற்றவளைக் கேட்டாள், பியற்றிஸ் பின்னால் நிற்பது தெரிந்தே.

சிதைந்து கிடந்தவற்றில் கீழ் இறக்கையின் துணி மட்டும் முழுதாக இருந்தது. பியற்றிஸ் தைத்தது அதை மட்டுமே.