பாண்டியம்மாள் பாட்டுக்கு வாங்கிய ரெக்கார்டர்

1. சைபர்

முளைப்பாரியை நடுவில் வைத்து முப்பது பெண்கள் கும்மி தட்டிக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி வேப்பமர நிழலில், புது ரெக்கார்டரை லேப்டாப்பில் செருகி வைத்துக்கொண்டு, வெளிநாட்டு இன்ஜினியர் மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன். முதல் பாட்டு முடிந்து பெண்கள் தண்ணீர் குடிக்க ஒதுங்கியபோதுதான் ரெக்கார்டரின் சின்னத் திரையைப் பார்த்தேன். நேரம் ஓடவேயில்லை. பாட்டு பன்னிரண்டு நிமிடம். பதிந்தது சைபர்.

பொன்னமராவதியில் இருபது வருடத்துக்கு மேலாக வீடியோ கடை வைத்திருப்பவன் நான். தாலி கட்டும் நேரத்தில் கேமரா பேட்டரி தீர்ந்ததைக்கூடச் சமாளித்திருக்கிறேன். அன்று ரெக்கார்டரைத் தட்டிப் பார்த்தேன், குலுக்கிப் பார்த்தேன், சைபர் சைபராகவே இருந்தது.

2. "அது என்ன டைப் மியூசிக் சார்?"

பாண்டியம்மாள் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவு சமைப்பவர். அந்த ஊர் முளைப்பாரிக் கும்மிக்கு அவர்தான் பாட்டு எடுத்துக் கொடுப்பார். அவர் ஒரு அடி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அந்த வாரம் திங்கட்கிழமை காலை கடைக்கு வந்தார். கழுத்தில் கைக்குட்டை சுற்றியிருந்தது.

"தைராய்டு கட்டி தம்பி. அடுத்த திங்கக்கெழம ஆப்பரேசன். கொரலு மாறுனாலும் மாறும்னு டாக்டரு சொல்லிப்புட்டாரு. வெள்ளிக்கெழம பாரி கரைக்கிறோம். அன்னைக்கு ஏங் கொரல ஒருக்கா ஒழுங்கா பிடிச்சுக் குடுங்க."

"போன்ல யாராச்சும் எடுத்திருப்பாங்களேக்கா?"

போனில் இருந்ததைப் போட்டுக் காட்டினார். கைதட்டல் வெடிச் சத்தமாகவும் அவர் குரல் எங்கோ பாதாளத்திலும் கேட்டன.

"இது நானா? எவளோ கெணத்துல விழுந்து கத்துறா!"

திருச்சியில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ இருக்கிறது என்றேன்.

"பாரி நடுவுல இல்லாம கண்ணாடி ரூமுக்குள்ள நின்னு யாருக்குப் பாடுறது? சுவத்துக்கா?"

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி கும்பிடு போட்டு அனுப்பியிருப்பான். நான், "இதுக்குன்னே ஒரு மிஷின் வாங்கியாரேன்க்கா, நீங்க நிம்மதியா போங்க" என்றேன். அவர் நிம்மதியாகப் போனார். என் நிம்மதியையும் சேர்த்து எடுத்துப் போனார். ஆடியோ வேலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாண வீடியோவில் நிஜச் சத்தத்தை ம்யூட் செய்து பாட்டைப் போடுவதுதான்.

மறுநாள் திருச்சிக் கடையில் சேல்ஸ்மேன் கேட்டார். "என்ன ரெக்கார்டு பண்ணப் போறீங்க சார்?"

"கும்மி."

"அது என்ன டைப் மியூசிக் சார்?"

"முப்பது பொம்பளைங்க கைதட்டுவாங்க, ஒருத்தவங்க பாடுவாங்க. தட்டும் கேக்கணும், கொரலும் அமுங்கக் கூடாது. கரண்ட்டு கெடையாது. நின்னுக்கிட்டும் எடுக்கணும், நடந்துக்கிட்டும் எடுக்கணும்."

அவர் உள்ளே போய், தலையில் நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு மைக் வைத்த கைக்கடக்கமான ரெக்கார்டரைக் கொண்டுவந்தார். "கம்ப்யூட்டர்ல சொருகுனீங்கன்னா மைக்காவும் வேலை செய்யும், கார்டு ரீடராவும் வேலை செய்யும் சார். நீங்கதான் மெனுல செலக்ட் பண்ணணும்."

நான் பலமாகத் தலையாட்டினேன். புரியாத விஷயத்துக்குப் பலமாகத் தலையாட்டுவது என் பழக்கம். சேல்ஸ்மேன்கள் அதை நம்பிவிடுகிறார்கள்.

கூட வந்த விளக்கப் புத்தகம் ஆறு மொழியில் இருந்தது. அதில் தமிழ் இல்லை. இரண்டு நாள் வீட்டிலேயே பழகினேன். மிக்ஸி, குக்கர், என் மனைவி திட்டியது, எல்லாம் துல்லியமாகப் பதிந்தன. ஆனால் அப்போதெல்லாம் ரெக்கார்டரைத் தனியாகத்தான் வைத்து எடுத்தேன். வெள்ளிக்கிழமை களத்துக்குப் போனதும் கூடுதல் புத்தி வேலை செய்தது. லேப்டாப்பிலும் செருகிவிட்டால் நேராக அதிலேயே ஏறிவிடுமே! செருகினேன். மெனு ஏதோ கேட்டது, ஓகே கொடுத்தேன். லேப்டாப்பில் ஃபோல்டர் திறந்தது, நானும் திருப்தியானேன். நான் ஓகே கொடுத்தது கார்டு ரீடருக்கு. அந்த நிலையில் அது வெறும் பென் டிரைவ். காது அடைத்த பென் டிரைவ்.

3. ஒத்துக்கொண்டது

ஓடிப்போய் வழக்கமான பொய் ஒன்றைச் சொல்லலாமா என்று யோசித்தேன். கார்டு கரப்ட், வைரஸ், சூடு. எங்கள் தொழிலில் பொய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் திங்கட்கிழமை ஆபரேஷனுக்குப் போகிறவரிடம் எதைச் சொல்வது?

"அக்கா, மொதப் பாட்டு பதியல. தப்பு ஏம்மேலதான்."

பாண்டியம்மாளின் நாத்தனார் சரோஜா சொம்பைக் கீழே வைத்தார். "அப்ப இம்புட்டு நேரம் அந்த மரத்தடியில என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தீக? சினிமாவா?"

"இன்னொருக்கா மட்டும்..."

"சாமிக்குப் பாடுனதத் திருப்பிப் பாடச் சொல்றீகளா? நல்லாருக்கே!"

அந்த ஊரில் அது வழக்கமில்லை. பாடியது பாடியதுதான். பாட்டை எடுத்துவிட்டால் நடுவில் நிறுத்துவதும் கிடையாது.

பாண்டியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினார். "இன்னும் அனுப்பி வைக்கிற பாட்டு இருக்கு தம்பி. பாரியத் தண்ணியில எறக்குற வரைக்கும் நடந்துக்கிட்டே பாடுவேன். அதான் இருக்கதுல பெருசு. அதையாச்சும் பிடிப்பீகளா?"

"பிடிக்கிறேன்க்கா. என்ன ஆனாலும் நிறுத்த மாட்டேன்."

"கொட்டடிக்கிறவுகள நூறடி பின்னாடி வரச் சொல்லுங்கடி. தம்பி மிஷினு பயந்துரும்." பயந்திருந்தது மிஷின் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

கேபிளைப் பிடுங்கினேன். ஹெட்போனை மாட்டினேன். கைதட்டச் சொல்லி லெவலைக் குறைத்தேன். பட்டனை அழுத்தி, நேரம் ஓடுவதைக் கண்ணாலும் குரலைக் காதாலும் உறுதி செய்துகொண்டேன். பிறகுதான், "எடுங்கக்கா" என்றேன்.

4. பின்னோக்கி நடந்தது

பெண்கள் பாரியைத் தலையில் ஏற்றி நடந்தார்கள். முன்னால் பாண்டியம்மாள் பாடிக்கொண்டு வந்தார். அவருக்கும் முன்னால் நான், ரெக்கார்டரை அவர் முகத்துக்கு நேராக நீட்டியபடி பின்னோக்கி நடந்தேன். ஹெட்போனில் அவர் குரல் அப்படியே இருந்தது. மூச்சு இழுப்பது, ஒரு அடியை முடிக்கும்போது சின்னதாக இறக்குவது, எல்லாம். எனக்கு வழி மறந்துபோனது.

வழி முடியும் இடம் குளம் என்பதும் மறந்துபோனது.

எதிரே வந்த முப்பது பேருக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் பாட்டு நடக்கிறது, கத்திச் சொல்ல முடியாது. சரோஜா கண்ணை உருட்டினார். கையை ஆட்டினார். மைக்கை இன்னும் கிட்டே கொண்டுவரச் சொல்கிறார் என்று நினைத்து நான் கையை நன்றாக நீட்டினேன். முதல் படியில் கால் வழுக்கியது. இரண்டாவது படி, மூன்றாவது படி, இடுப்பளவு தண்ணீர். ரெக்கார்டர் கை மட்டும் மேலே நின்றது.

பாண்டியம்மாளின் உதடு துடித்தது, குரல் துடிக்கவில்லை. பாடிக்கொண்டே அவரும் தண்ணீரில் இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். கடைசி அடி முடிந்து, பாரி தண்ணீரில் சாய்ந்து, குலவையும் போட்ட பிறகுதான் முப்பது பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நான்கு நிமிடம் பதிந்திருக்கிறது.

"மிஷினு நனைஞ்சிருச்சா?" என்றார் பாண்டியம்மாள்.

"இல்லக்கா."

"நீங்க?"

"அது வாரன்டில இல்லக்கா."

5. அவர் கேட்டது

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கழித்துக் கடைக்கு வந்தார். குரல் காற்றாக வந்தது. ஹெட்போனை மாட்டிவிட்டுப் பாட்டை ஓட விட்டேன். அழுவார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கையால் மேசையில் தட்டும் சத்தம் கேட்டுத் திரும்பினால், கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முழுதாகக் கேட்டார். மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னார்.

"தொடங்குற எடுப்பையே ரொம்ப ஒசரத்துல வச்சிருக்கேன் தம்பி," என்றார். "இனிமே அங்கிட்டு ஏற முடியாது. ரெண்டு படி கீழ எறக்கிப் பிடிச்சா வந்துரும். இத என் போன்ல ஏத்திக் குடுங்க, வீட்ல வச்சுப் பழகுறேன். அடுத்த வருசத்துக்கு நாளு இருக்குல்ல."

ஒரு குரலைப் பத்திரப்படுத்தி வைக்கிறோம் என்று நான் நினைத்திருந்தேன். அவர் அதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டு போனார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. விளக்கு எரிகிறது, ஃபோல்டர் திறக்கிறது என்பதெல்லாம் மிஷின் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அத்தாட்சி. பாட்டு உள்ளே போகிறதா என்பதை உங்கள் காதால் கேட்ட பிறகே எதிரில் நிற்பவரைப் பாடச் சொல்லுங்கள். அவர் அதை இன்னொரு முறை பாட முடியாமல் போகலாம்.