நின்ற பிறகும் ஆடிய வண்டி

துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். கண்ணால் பார்த்து எண்ணாத மூட்டையை இறங்கியதாக எழுதியதில்லை. பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள், தெரியும். வேறொருவர் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

என் மகன் மிக்கேல் சங்கு குளிக்கிறவன். இப்போதெல்லாம் யாரும் மூச்சடக்கி முங்குவதில்லை. படகில் கம்ப்ரசர் இருக்கும், அதிலிருந்து ஆளுக்கொரு காற்றுக்குழாய், இடுப்பில் சுற்றிக் கட்டியிருக்கும். கல் கட்டிய ஒரு கயிறு கடலடி வரை தொங்கும். அதை மூன்று முறை இழுத்தால் மேலே இருக்கிறவன் ஆளைத் தூக்க வேண்டும். மிக்கேல் ஒற்றை ஆளாக முங்கிக்கொண்டிருந்த காலத்தில் இதையெல்லாம் சொல்லியிருந்தான். அவன் கடலுக்குப் போகிற நாளில் எனக்கு இருப்புக் கொள்ளாது, திரும்பி வரும்வரை கண்ணில் படுவதையெல்லாம் எண்ணிக்கொண்டிருப்பேன்.

அன்று காலை அவனும் கூட்டாளி ஜெபஸ்தியானும் போயிருந்தார்கள், படகில் குழாய் பார்க்க லூர்து என்ற பையன். சங்கு ஏற்றும் எங்கள் பழைய பிக்கப் வண்டி ஐட்லிங்கில் நிற்காமல் உதறுகிறது என்று நான் மெக்கானிக் சுடலையின் பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தேன். சுடலை டீசல் பில்டரை மாற்றினார், லைனில் காற்று புகுந்திருக்கும் என்று பம்பை அமுக்கி அமுக்கி வெளியேற்றினார், உதறல் போகவில்லை. பிறகு ஓடுகிற இன்ஜினில் நாசில் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். தளர்த்தும்போது சத்தம் இறங்கினால் அந்த சிலிண்டரில் கோளாறு இல்லை. நான்கிலும் இறங்கியது.

"எல்லாம் நல்லாத்தான இருக்கு, பெறவு என்ன எழவுக்கு உதறுது?"

நான் சீட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று உதறல், ஒரு ஓய்வு. மறுபடி மூன்று.

"சுடலை, கணக்கா மூணு மூணால்லா வருது."

"கப்பல்ல மூடை எண்ணுன ஆளு, இப்ப இன்ஜின் இருமுறத எண்ணுதீராக்கும்? மிஸ்ஸிங்குக்கு என்ன அண்ணாச்சி கணக்கு?" என்று சிரித்தபடி இன்ஜினை நிறுத்தினார்.

இன்ஜின் நின்றது. உதறல் நிற்கவில்லை. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வண்டி வெடுக் வெடுக்கென்று மூன்று முறை ஆடியது, ஓய்ந்தது, மறுபடி மூன்று. சுடலை பேட்டரி வயரைக் கழற்றினார், குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார், அப்படியே பின்வாங்கிச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

நான் வண்டியிலிருந்து குதித்து இறங்கினேன். லூர்துக்கு போன் போட்டேன், படகு அதிக தூரம் போகாததால் லைன் கிடைத்தது.

"ஏலே, மிக்கேலத் தூக்கு!"

"என்னத்துக்கு மாமா? கயிறு அசையவே இல்லியே."

"மிக்கேலத் தூக்குலே!"

படகில் சாமான் வைக்க இடம் வேண்டும் என்று கம்ப்ரசரை இன்ஜின் புகைக்குழாய்ப் பக்கமாக நகர்த்தி வைத்திருக்கிறார்கள். காற்று திரும்பியதும் புகை முழுவதும் கம்ப்ரசருக்குள் போய், காற்றுக்குப் பதில் அதைச் சுவாசித்து இரண்டு பேரும் கடலடியில் மயங்கிக் கிடந்திருக்கிறார்கள். லூர்து குழாயைப் பிடித்து முதலில் மிக்கேலை இழுத்தான். உயிர் இருந்தது. அடுத்து ஜெபஸ்தியானை இழுத்தான். இல்லை.

ஆஸ்பத்திரியில் மிக்கேல் பேசத் தொடங்கியதும் கயிற்றை இழுத்தாயா என்று கேட்டேன்.

"இல்லப்பா. தூக்கம் வந்த மாதிரி இருந்திச்சு, அவ்வளவுதான் தெரியும்." பிறகு அவனே சொன்னான்: "இழுத்தாலும் நான் ரெண்டுதான் இழுப்பேன். ஒரே கயிறுல்லா. ஜெபஸ்தியான் சேர்ந்த பெறவு, மூணு அவனுக்குன்னு பேசி வச்சிருந்தோம்."

வண்டியில் அதன்பின் ஒரு குறையும் இல்லை. சுடலை காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஜெபஸ்தியானின் மனைவி கோயிலில் என்னைக் கண்டால், "மாமா போன் போட்டதாலதான் உடம்பாவது கெடச்சிது" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லுவாள். அவள் வீடு கடலைப் பார்த்துத்தான் இருக்கிறது. அன்று காலை முழுவதும் வீட்டில்தான் இருந்தாளாம், அங்கே ஒரு பாத்திரம்கூட அசையவில்லை என்கிறாள். அவளை விட்டுவிட்டு அவன் ஏன் என்னிடம் வந்தான்?

லூர்து யாரை முதலில் தூக்கினான் என்று அவள் இன்னும் கேட்கவில்லை.