‘இந்தாங்க்கா’ என்று கொடுத்த பந்து

செம்மண் பாஸ்கெட்பால் கோர்ட். பத்து நிமிடம் பந்து தட்டினால் போதும், உள்ளங்கை மருதாணி வைத்தது போலச் சிவந்துவிடும். வெயிலில் காய்ந்த பந்திலிருந்து சூடான ரப்பர் வாசம் வரும். எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் கல்லூரி படித்ததை நினைத்தால், பாடம் எதுவும் ஞாபகம் இல்லை... அந்த வாசம்தான் முதலில் வருகிறது.

நான் எருமப்பட்டிப் பக்கத்துப் பெண். குள்ளம். அதனால் பந்தைத் தட்டிக்கொண்டு போய்க் கொடுக்கிற கார்டு வேலை எனக்கு. வாங்கிப் போடுகிற சென்டர், சூரமங்கலம் சரோஜா அக்கா. எனக்கு இரண்டு வருடம் சீனியர், நல்ல பனைமர உயரம். கூடைக்கு அடியில் அவர் கைக்குப் பந்து போய்விட்டால் கவலையே இல்லை. போய்ச் சேருவதுதான் பெரும்பாடு.

அந்த வருடப் போட்டியில் ஆத்தூர்ப் பக்கத்து அணி ஒன்று அக்காவுக்கு மட்டும் இரண்டு பேரைப் போட்டது. முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி. நான் எறிகிற பந்தெல்லாம் நடுவழியிலேயே பறிபோனது. லீக் ஆட்டத்தில் அக்கா போட்டது மொத்தம் இரண்டே கூடை. தோற்றோம்.

மூன்று நாள் கழித்து ஃபைனல். மறுபடியும் அதே அணி.

அன்றைக்கு ரயில்வே டீமுக்கு ஆள் எடுக்கிறவர் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அக்காவுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்தாயிற்று. "வேல கெடச்சா கல்யாணத்தத் தள்ளி வெக்கலாம். இல்லாட்டி தையில முகூர்த்தம்" என்று அவர் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அக்கா கூடை போட்டால்தான் வேலை. நான் கொடுத்தால்தான் அக்கா போட முடியும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

தோற்ற அன்று குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு முன்னால் நின்று மறித்தவள் பக்கத்தில் வந்து சிரித்தாள்.

"நீ ஏன் எங்களுக்குச் சொல்லிட்டே பந்து குடுக்கற? மத்தவளுங்களுக்கு ‘இந்தா’. நெட்டைக்கு மட்டும் ‘இந்தாங்க்கா’. அந்த ‘ங்க’ காதுல விழுந்தாப் போதும், ரெண்டு பேரும் கைய நீட்டிருவோம்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தம் கொடுக்காமல் பந்து எறிந்தால் வாங்குகிறவர் மூக்கில் படும் என்பதால், கூப்பிட்டுக் கொடுத்தே பழகியிருந்தோம். எங்கள் ஊரிலோ மூத்தவர்களுக்குத் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாலும் ‘ங்க’ இல்லாமல் நீட்டினால் முதுகில் விழும். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என் விஷயத்தில் சரியாகப் போயிற்று.

அக்காவிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எருமப்பட்டில எருமையக்கூட ‘வாங்க சாமி’ன்னுதான் ஓட்டுவீங்களா? இனி எனக்கு எதக் குடுத்தாலும் ‘இந்தாடி’ன்னு குடு. இல்லாட்டி வாங்க மாட்டேன்."

"பெரியவங்கள எப்படிங்க்கா..."

"பாரு, மறுபடியும்!"

போட்டி நாட்களில் எல்லோரும் ஹாஸ்டலில்தான் இருந்தோம். சோப்பு கொடுத்தேன், வாங்கவில்லை. சாம்பார்க் கரண்டியை நீட்டினேன், வாங்காமல் வெறும் இட்லியைத் தின்றார். நானும் விடுவதாக இல்லை. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்து ‘இந்தாடி, இந்தாடி’ என்று நூறு தடவை சொல்லிப் பழகினேன். சுவரிடம் நன்றாக வந்தது. அக்கா முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஃபைனலிலும் அதே கதைதான். ‘டி’ வரவில்லை, ‘ங்க’ சொல்லவும் பயம். வாயை மூடிக்கொண்டு எறிந்தேன். ஒரு பந்து அக்காவின் தோளில் பட்டு வெளியே போனது. இன்னொன்றை அவர் பார்க்கவே இல்லை. கோட்டுக்கு வெளியே நாற்காலியில் இருந்த அந்த ரயில்வேக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு இந்தப் பந்தைக் கொடுக்காமல் ஊருக்குப் போகமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன்.

கடைசி நிமிடம். ஒரு பாயின்ட் பின்னால் இருக்கிறோம். பந்து என் கையில். அக்கா கூடையடியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், முன்னும் பின்னும் அந்த இருவர். பந்தைத் தலைக்கு மேலே தூக்கினேன். எறிவதற்கு முன்பே வாய் முந்திக்கொண்டது.

"இந்தாங்க்கா!"

போச்சு என்று நினைத்தேன்... ஆனால் அந்த ‘ங்க’வைக் கேட்டதும் இருவரும் ஒரே நேரத்தில் எம்பிக் குதித்துவிட்டார்கள். பந்தோ இன்னும் என் கையில்தான் இருக்கிறது! அவர்கள் கால் தரைக்கு வருவதற்குள், கீழே தெரிந்த இடைவெளியில் தரையில் குத்தி அனுப்பினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

"இந்தாடீ...!"

அக்கா குனிந்து வாங்கினார். திரும்பினார். போட்டார்.

ஜெயித்தோம். எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஆட, நான் ஓரமாக நின்று அழுதேன். ஜெயித்ததற்கா, அக்காவை ‘டி’ போட்டதற்கா என்று இன்றுவரை தெரியவில்லை. அடுத்த மாதம் அவருக்கு ரயில்வே ஆர்டர் வந்தது. தையில் கல்யாணம் நடக்கவில்லை. மூன்று வருடம் கழித்து, அவருக்குப் பிடித்தவரோடு நடந்தது.

போன மாதம் சேலம் போனபோது அந்தக் கல்லூரிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். இப்போது சிமென்ட் கோர்ட், லைட்டெல்லாம் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் சீனியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு ‘ங்க’வை விழுங்க நான் பட்ட பாடு அவர்களுக்கு இல்லை. குறையாகச் சொல்லவில்லை, கொஞ்சம் பொறாமை, அவ்வளவுதான்.

அப்படியே அக்கா வீட்டுக்கும் போனேன். ரிடையர் ஆகி, மூட்டு ஆபரேஷன் செய்து நாற்காலியில் இருந்தார். நான்தான் காபி போட்டு எடுத்துப் போனேன். என்னைப் பார்த்ததும், பந்து கேட்பது போல இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

"அன்னிக்குச் சொன்ன மாதிரி ஒருக்கா சொல்லுடி, வாங்கிக்கறேன்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு முயன்று பார்த்தேன். ‘இந்தா’ வரைக்கும் வந்தது... மிச்சம் தானாக ஒட்டிக்கொண்டது.

"...ங்க்கா."

"சரி, சீக்கிரம் குடு! அந்த ரெண்டு பேரும் ஓடி வந்துரப் போறாளுங்க" என்று டம்ளரை வாங்கிக்கொண்டார்.